எட்ட இருப்பது தெளிவு. கிட்ட இருப்பது மங்கல்!

மாணவர்களே! எனக்கு வயது 45, கிட்டப்பார்வை உண்டு. பல ஆண்டுகளாக −6 டயாப்டர் திறனுள்ள குழிலென்சுக் கண்ணாடி அணிந்து வந்தேன். பின்னர் விழியின் மேலேயே படிந்து நிற்கும் காண்டாக்ட் லென்சுக்கு மாறினேன். மறுநாள் அரக்கோணம் ரயில் சந்திப்பில் தொலைவிலிருந்த சிக்னல் பளிச்சென்று தெரிந்தது. கையிலிருந்த பயணச்சீட்டின் எழுத்துகளோ மங்கின! லென்சு தவறோ என ஐயுற்றேன். கண் மருத்துவர் சோதித்து, திறன் சரியே என்றார். அப்படியானால் காரணம் என்ன?

அருகிலுள்ள பொருளைக் காணும்போது, சிலியரித் தசைகள் சுருங்கி விழிலென்சைத் தடிக்கச் செய்கின்றன. அதன் திறன் கூடுகிறது. இதுவே விழி ஏற்பமைவு. 15 வயதில் சுமார் 14 டயாப்டர் வரை கூட்ட முடியும். வயது ஏற ஏற விழிலென்சு விறைத்துப்போவதால், 45 வயதில் சுமார் 5 டயாப்டரே எஞ்சும். இக்குறையே வெள்ளெழுத்து.

இனிக் கணக்கைப் பாருங்கள். மூக்குக்கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று கொள்வோம். −6 டயாப்டர் லென்சின் குவியத் தொலைவு 16.7 செ.மீ. எனவே என் கண்ணின் சேய்மைப் புள்ளி கண்ணிலிருந்து 17.9 செ.மீ.

கண்ணாடியிலிருந்து 25 செ.மீ. தொலைவில் புத்தகத்தை வைத்தால், அதன் மாயபிம்பம் கண்ணாடிக்கு முன் 10 செ.மீ. தொலைவில், அதாவது கண்ணிலிருந்து 11.2 செ.மீ. தொலைவில் தோன்றும். கண் கூட்ட வேண்டிய திறன்:

100/11.2 − 100/17.9 = 3.3 டயாப்டர்.

காண்டாக்ட் லென்சுக்கு இடைவெளி இல்லை, −5.6 டயாப்டர் திறனே போதும். புத்தகம் அதே இடத்தில், கண்ணிலிருந்து 26.2 செ.மீ. தொலைவில் உள்ளது. இப்போது கூட்ட வேண்டியது:

100/26.2 = 3.8 டயாப்டர்.

அரை டயாப்டர் கூடுதல் வேலை! இளங்கண்ணுக்கு இது பொருட்டன்று. ஏற்பமைவுத் திறனில் ஏறத்தாழப் பாதியைத்தான் சோர்வின்றி நெடுநேரம் பயன்படுத்த முடியும் என்பதால், ஏற்கெனவே திணறும் என் கண்ணுக்கு அதுவே சுமை. மேலும், முன்பு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 17.9 செ.மீ. தொலைவில் சிரமமின்றிப் படிப்பேன். காண்டாக்ட் லென்சை அப்படி நினைத்தபோதெல்லாம் கழற்ற முடியுமா?

மருத்துவர் கூறிய வழி எளியது: காண்டாக்ட் லென்சு அணிந்தபடியே, படிக்கும்போது மட்டும் குறைந்த திறனுள்ள குவிலென்சுக் கண்ணாடி. லென்சு உலர்ந்தாலும் அழுக்கடைந்தாலும்கூடப் பார்வை மங்கும். ஆகவே மங்கலுக்குக் காரணத்தை நாமே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

உங்களுக்கு ஒரு கணக்கு: தூரப்பார்வைக்காக +6 டயாப்டர் கண்ணாடி அணிபவர் காண்டாக்ட் லென்சுக்கு மாறினால், படிக்கும்போது அவர் கண்ணின் வேலை கூடுமா, குறையுமா? எழுதிப் பாருங்கள்.