போல்ட்டைத் திருகினா போதுமா?

போன மாசம் படப்பையில ஒரு ஒர்க்‌ஷாப்ல, 2010 மாடல் மஹிந்திரா தார் ஒண்ணு மூக்கைத் தொங்கப்போட்டு நின்னுச்சு. காரணம், புதுசா மாட்டின வின்ச். அதைத் தாங்கும் ஸ்டீல் பிளேட்டோடு சேர்த்து 60 கிலோன்னு வைங்க. முன் ஆக்சிலுக்கு 60 செ.மீ. முன்னாடி இருக்கு, வீல்பேஸ் சுமார் 2.4 மீட்டர். மொமென்ட் எடுத்துப் பாருங்க: முன் ஆக்சிலில் 75 கிலோ ஏறும், பின்னாடி 15 கிலோ குறையும்.

இந்த வண்டியின் முன் ஸ்பிரிங், டார்ஷன் பார் என்ற எஃகுத் தண்டு. "போல்ட்டைத் திருகினா தூக்கிடும் தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். தூக்கிடுச்சு. ஆனா திருகுறது தண்டின் ஆரம்பக் கோணத்தை மட்டும்தான் மாத்தும், ஸ்டிஃப்னஸ் அப்படியேதான் இருக்கும். எடை கூடியிருக்கு, அதனால வேகத்தடையில பம்ப் ஸ்டாப்பில் 'டங்'. இன்னும் திருகினா, பள்ளத்துல சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது. சிவி ஜாயின்ட்டும் பாவம்.

தேவை தடிமனான பார். செகண்ட் இயர் டார்ஷன் ஃபார்முலா ஞாபகம் இருக்கா? (அரியர் வெச்சவங்களுக்கு நல்லாவே இருக்கும்.) ஸ்டிஃப்னஸ் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்: 5% தடிமன் கூட்டினாலே 21 சதவீதத்துக்கு மேல. அதுக்கேத்த ஷாக் அப்சார்பரும் மாத்தணும், இல்லேன்னா வண்டி குதிச்சுக்கிட்டே இருக்கும்.

2020-ல வந்த தாரில் முன்னாடி காயில் ஸ்பிரிங். அதுல திருக போல்ட்டே இல்ல, ஸ்பிரிங்கைத்தான் மாத்தணும்.