பெயரை நீக்கினால் போதுமா?

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், தன் ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயரும் முகவரியும் நீக்கி ஆய்வாளர்களுக்கு வழங்கியது. அஞ்சல் குறியீடு, பிறந்தநாள், பாலினம் ஆகியன அவற்றில் எஞ்சியிருந்தன. அம்மாநில ஆளுநர் வில்லியம் வெல்டு வாழ்ந்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை, லதான்யா ஸ்வீனி என்னும் ஆய்வு மாணவி 20 டாலருக்கு வாங்கி ஒப்பிட்டார். பட்டியலில் ஆளுநரின் பிறந்தநாளை உடையோர் அறுவர். அவர்களுள் ஆடவர் மூவர். அவரது அஞ்சல் குறியீட்டுக்கு உரியவரோ அவர் ஒருவரே. ஆளுநரின் நோய்க்குறிப்பு எதுவென்பது வெளிப்பட்டுவிட்டது!

ஆதலின், இத்தகைய தரவுகள் இன்று ஆய்வாளரின் கணினிக்கு அனுப்பப்படுவது குறைந்து, ஆய்வாளரே தரவு இருக்குமிடம் செல்லும் முறை வளர்ந்துள்ளது. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் அமைத்துள்ள பாதுகாப்பான கணினிச் சூழலைப் பயன்படுத்த விரும்புவோர், முதலில் பயிற்சி பெற்றுத் தகுதியறிந்தேற்பு அடைதல் வேண்டும். எவ்வினாவிற்கு எத்தரவு தேவை, அதனால் மக்கள் பெறும் பயன் யாது என விண்ணப்பத்தில் விளக்குதலும் வேண்டும். இது காலத்தைக் கவர்வது என ஆய்வாளர் சலிப்பதுண்டு. நோயாளியின் நம்பிக்கையை எண்ணினால் அச்சலிப்பு பெரிதன்று. கணக்கீடு முழுவதும் அச்சூழலுக்குள்ளேயே நிகழும். முடிவுகளை வெளியே எடுக்குமுன் அலுவலர் சரிபார்ப்பர். அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஓரிருவர் மட்டுமே இருப்பின், அவ்வெண் வெளிவர இசைவு கிடைக்காது.