கல்லூரித் திடலிலிருந்து தொழில் திடலுக்கு

நம்முள் பெரும்பாலோர் இன்னும் ஓராண்டிலோ ஈராண்டிலோ பட்டத்தைக் கையில் பெற்றுக்கொண்டு இவ்வளாகத்தை விட்டுப் போகிறவர்கள். படிப்பை முடித்த பின்னரே வேலைக்குச் செல்வதா, நல்ல வேலை வந்தால் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுச் செல்வதா என்னும் வழக்கு விடுதி உணவுக்கூடத்தில் நாள்தோறும் நடக்கிறது. இவ்வழக்கை ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு ஒன்று நாம் எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. அமெரிக்கப் பெண்களின் கால்பந்தாட்டத்தைச் சொல்கிறேன்.

2019 டிசம்பரில் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரத்தில் கல்லூரிப் பெண்களின் தேசிய இறுதியாட்டம் நடந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகமும் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் மோதின. மிகைநேரம் ஆடியும் இருபக்கமும் கோல் விழவில்லை. பெனால்டி உதைகளில் ஸ்டான்போர்டு வென்றது. வென்ற அணியில் மூவர் நம் ஆராய்ச்சிக்கு உரியவர். முன்னணியில் கேட்டரினா மக்காரியோ, சோபியா ஸ்மித். பின்காவலில் நயோமி கிர்மா. ஒரே திடலில் பழகிய இம்மூவரும் கல்லூரியை விட்டு வெளியேறிய வாயில்கள் வேறு வேறு. ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்துச் சோதிப்போம் அல்லவா? ஏறக்குறைய அதுபோன்றது இது. மூன்றே அளவீடுகளை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆயினும் பார்ப்பதில் தவறில்லை.

வாயில்களைக் காணுமுன் வாயில்காப்போனைக் காணவேண்டும். அந்நாட்டுத் தேசியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு 2013-இல் ஆட்டங்களைத் தொடங்கியது. அதற்கு முன் 2001-இல் ஒன்றும் 2009-இல் ஒன்றுமாகத் தோன்றிய இரு தொழில்முறைக் கூட்டமைப்புகள் மும்மூன்று பருவங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. மூன்றாவதாக வந்த இதில் கல்லூரி மாணவியர் நுழைவதற்கு ‘டிராப்ட்’ என்று ஒரு முறை இருந்தது. ஆண்டுக்கொருமுறை கழகங்கள் கூடி, ஒன்றன்பின் ஒன்றாக மாணவியரின் பெயர்களைச் சொல்லும். எந்தக் கழகம் பெயரைச் சொல்லியதோ, அந்தக் கழகத்துக்கே அக்கூட்டமைப்பில் அவளை ஒப்பந்தம் செய்யும் உரிமை. நம் வளாகத் தேர்வில் நிறுவனம் நம்மைத் தேர்ந்தெடுக்கிறது. நாமும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அங்கே அந்த இரண்டாவது பாதி இல்லை. பிடிக்காவிட்டால் வெளிநாடு போகலாம், அல்லது வீட்டில் இருக்கலாம்.

செல்வி ஸ்மித் ஈராண்டே கல்லூரியில் ஆடினார். 2020 ஜனவரியில் போர்ட்லண்டு கழகம் அவருடைய பெயரை முதற்பெயராகச் சொல்லியபோது வயது 19. 2022-இல் கூட்டமைப்பின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் பரிசும் வாகையும் அவருக்குக் கிட்டின. செல்வி மக்காரியோ மூன்று பருவங்கள் ஆடிவிட்டு, 2021 ஜனவரியில் பிரான்சு நாட்டின் லியோன் கழகத்துக்குப் போய்விட்டார். ஐரோப்பாவில் டிராப்ட் கிடையாது. விரும்பிய கழகத்தோடு பேசலாம். செல்வி கிர்மாவோ அங்கேயே இருந்தார். 2021 பருவத்தையும் ஆடி முடித்து, அவ்வாண்டு டிசம்பரில் நடந்த டிராப்டில் சான் டியகோ கழகத்தின் முதற்பெயராக வெளியேறினார். கணிப்பொறியியல், மொழியியல், உளவியல், தத்துவம் ஆகியவை கலந்த ‘குறியீட்டு முறைமைகள்’ என்னும் பாடத்தில் பட்டமும் பெற்றார்.

கிர்மா தங்கியதில் காயத்துக்கும் பங்குண்டு. 2020-இல் அவருடைய முழங்காலின் உள்ளே குறுக்காக ஓடும் தசைநார் அறுந்தது. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் பிடித்துவைப்பது இந்நார். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென நின்று திரும்பினால் அதன்மேல் பெரும் இழுவிசை விழுகிறது. அறுந்தால் தானே கூடுவது அரிது. உடலின் வேறிடத்திலிருந்து நாரெடுத்துப் பொருத்துகிறார்கள். பொருத்திய நார் வலுப்பெற ஒன்பது மாதமேனும் செல்லும். இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதியாக நேர்வதும் அறிந்ததே. ஒரு பருவம் முழுவதையும் கிர்மா இழந்தார். ஆனால் அந்த ஓராண்டும் அவர் மாணவி. வகுப்பு இருந்தது, தேர்வு இருந்தது, அறை இருந்தது. ஆட்டம் நின்றபோது வாழ்க்கை நிற்கவில்லை.

இதைக் கொண்டு ‘ஆகவே கல்லூரியே பாதுகாப்பு’ என்று முடிவு கட்டுவதற்கில்லை. 2022 ஜூனில் மக்காரியோவுக்கும் இதே நார் அறுந்தது. ஏறத்தாழ இருபது மாதங்கள் அவர் திடலுக்கு வரவில்லை. அப்படிக் காயத்தோடு இருந்தவரையே 2023-இல் லண்டனின் செல்சி கழகம் ஒப்பந்தம் செய்தது. பெயர் பெற்றவருக்குக் கழகம் காத்திருக்கும். பெயர் பெறாத பெண்ணுக்குக் காத்திருப்பது யார் என்பதே கேள்வி. அவளுக்குத்தான் பட்டம் பெரிதும் வேண்டியிருக்கிறது. 2013-இல் அக்கூட்டமைப்பின் மிகக் குறைந்த ஊதியம் பருவத்துக்கு 6,000 டாலர்! அதை வைத்து அமெரிக்காவில் வாடகை கொடுக்க முடியாது. ஆட்டக்காரர் சங்கம் போராடிப் பெற்ற முதல் ஒப்பந்தத்தால் 2022-இல் அது 35,000 டாலராயிற்று. கிர்மா நுழைந்தது அந்த ஆண்டில்தான்.

ஆட்டமும் மாறுகிறது. இம்மூவர் ஆடிய காலத்துக் கல்லூரி விதிப்படி, மாற்றாளுக்கு இடம்விட்டு வெளியேறியவர் இரண்டாம் பாதியில் ஒருமுறை திரும்பி வரலாம். எனவே முழுமூச்சாக ஓடி, இளைப்பாறி, மறுபடி ஓடலாம். தொழில்முறையில் வெளியேறியவர் வெளியேறியவரே. தொண்ணூறு நிமிடத்துக்கும் மூச்சைப் பங்கிட்டுச் செலவிடத் தெரியவேண்டும். கல்லூரிப் பருவம் ஆகஸ்டு முதல் டிசம்பர்த் தொடக்கம் வரை. தொழிலில் வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் வரை. எதிரே நிற்பவரும் ஒத்த வயதினர் அல்லர். பதினைந்தாண்டு ஆடியவராகவும் இருப்பார். கிர்மா இந்த மாற்றத்தைக் கடந்த விரைவு வியப்புக்குரியது. 2022-இலேயே ஆண்டின் சிறந்த புதுமுகம், ஆண்டின் சிறந்த காவலர் என்னும் இரு பரிசுகளையும் பெற்றார். 2024-இல் பாரிசு ஒலிம்பிக்கில் பிரேசிலை 1–0 என வென்று தங்கம் கொண்ட அமெரிக்க அணியின் பின்காவலுக்கு அவரே தூண்.

அவருடைய பெற்றோர் எத்தியோப்பியாவிலிருந்து குடியேறியவர்கள். சான் ஓசேயில் எத்தியோப்பியக் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய மலேடா என்னும் சிறு கழகத்தில்தான் குழந்தையாக அவர் பந்தை உதைத்தார். அக்கழகத்தை நடத்தியவர்களுள் அவர் தந்தையும் ஒருவர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, இச்செய்தி மற்றெல்லாவற்றையும்விட மனத்தில் நின்றது. விடுமுறை நாளில் தாய்மொழி பேசக் கூடும் இடம் என்ன என்ன செய்யக்கூடும் என்பதை நம் சங்கத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி டிராப்டுக்கு வருவோம். கிர்மாவைத் தேர்ந்தெடுத்தது அவர் பிறந்த மாநிலத்துக் கழகமே. அது அவருடைய நல்லூழ். முறையின் நன்மை அன்று. இம்முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்றுண்டு. நலிந்த கழகத்துக்கு முதல் வாய்ப்புக் கொடுத்தால் போட்டி சமமாகும். இல்லையேல் செல்வக் கழகங்களே சிறந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் என்பர். வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் கழகங்களைச் சமமாக்கும் சுமையை, அப்போதுதான் படிப்பை முடித்த பெண்ணின் தலையில் ஏற்றுவானேன்? கழகத்தின் மொத்த ஊதியச் செலவுக்கு உச்சவரம்பும் அங்கே இருந்ததே! மக்காரியோ லியோனுக்குப் போனதிலிருந்தே, கடலுக்கு அப்பால் திறந்த கதவு இருக்கும்போது வீட்டுக்கதவைச் சாத்திப் பயனில்லை என்பது தெரிந்துவிட்டது.

2024 ஆகஸ்டில் கூட்டமைப்பும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட புதிய ஒப்பந்தம் டிராப்டை ஒழித்தது. ஆட்டக்காரரின் இசைவின்றி அவரை வேறு கழகத்துக்கு மாற்றக் கூடாது என்பதும் அதில் எழுதப்பட்டது. மிகக் குறைந்த ஊதியம் 2025-இல் 48,500 டாலர். 2030-இல் 82,500 டாலராக உயரும். 2025 ஜனவரியில் செல்வி கிர்மா செல்சிக்குச் சென்றார். அங்கே மக்காரியோ முன்பே இருந்தார். சான் டியகோவுக்குச் செல்சி கொடுத்த தொகை ஏறத்தாழ 11 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. அதுவரை எந்தப் பெண் ஆட்டக்காரருக்கும் பத்து லட்சத்தைத் தாண்டி எவரும் கொடுத்ததில்லை. அத்தொகை ஆட்டக்காரருக்கன்று, கழகத்துக்கே சேரும். ஆயினும் மூன்றாண்டுக்கு முன் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளப்பட்டவர், இம்முறை தாமே ‘சரி’ என்று சொல்லிப் போனார்.