லட்சுமி காசில் உட்கார்ந்திருப்பது யார்?

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. சாமி அறையில் ஒரு பித்தளைச் சிமிழ், அதற்குள் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு வெள்ளிக் காசு. வீட்டுப் பெரியம்மா முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது லட்சுமி காசுங்க. எங்க மாமியாருக்கு அவங்க மாமியார் குடுத்தது. வெள்ளிக்கிழமை ஆனா விபூதி போட்டுத் தேய்ச்சு வெச்சிருவம்."

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய காசு. ஒரு பக்கம் மூக்கும் காதும் மழுங்கிய ஓர் ஆண் தலை. மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண், கையில் ஏதோ ஒரு கிளை. அதைத் தாமரை என்றுதான் அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்திருக்கிறார்கள். வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர் என்று ரோமானியக் காசு கிடைத்த ஊர்கள் நிறைந்த வட்டாரம் அது. காசு வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. அதைச் சுற்றி வந்து சேரும் நம்பிக்கைகளைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டும்.

"தேய்ஞ்சு போச்சு, இனி இது என்ன காசுன்னு யாராலும் சொல்ல முடியாது" என்பார்கள். அதிகம் கேட்கிற பேச்சு இதுதான். இதனால்தான் எத்தனையோ காசுகள் உருக்குச் சட்டிக்குப் போயிருக்கின்றன.

அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைக் காசின் பக்கவாட்டில், மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பிடித்தேன். மேலிருந்து பார்த்தபோது மொட்டையாக இருந்த வெள்ளியில் நிழல்கள் எழுந்தன. தலையின் பிடரியில் இரண்டு நாடாக்கள் தொங்கின. இலை மகுடத்தின் முடிச்சு அது. காசைத் திருப்பி மெல்லச் சுழற்றினேன். விளிம்போரம் ஒரு பெருக்கல் குறி, அதை அடுத்து ஒற்றைக் கோடு, அதை அடுத்து நாலு கோடுகள் சேர்ந்த ஓர் எழுத்து. மற்றதெல்லாம் போய்விட்டிருந்தது. இந்த மூன்று எழுத்து போதும். 'பான்டிஃப் மாக்ஸிம்' என்பதன் கடைசித் துண்டு அது. ரோமப் பேரரசர் வகித்த தலைமைப் பூசாரிப் பட்டத்தின் சுருக்கம். உட்கார்ந்த பெண்ணும் இந்தப் பட்டமும் தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசில் சேர்ந்து நின்றால், ஆள் பெரும்பாலும் டைபீரியஸ். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர். காசு அடிக்கப்பட்ட இடம் லுக்டுனும், இன்றைய பிரான்சின் லியோன் நகரம்.

எழுத்தே இல்லாவிட்டாலும் உருவக்கோடு பேசும். இரண்டு ஆட்கள் நின்று, நடுவே இரண்டு கேடயங்கள் தரையில் ஊன்றியிருந்தால் அது பேரரசர் அகஸ்டஸ் தன் பேரன்களான காயஸ், லூசியஸ் இருவருக்காக அடித்த காசு. தென்னிந்தியப் புதையல்களில் டைபீரியஸ் காசுக்கு இணையாகக் கிடைப்பது இதுதான். துடுப்புகள் வரிசையாக நீட்டிய கப்பல் என்றால், கி.மு. 32–31இல் ரோமானியத் தளபதி மார்க் அந்தோணி தன் படைகளுக்குச் சம்பளம் கொடுக்க அடித்தது. அதில் வெள்ளி மட்டம். அதனால் யாரும் பதுக்கி வைக்காமல் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்த வகை பெரும்பாலும் மழுங்கியே கிடைப்பது இதனால்தான்.

அடுத்த நம்பிக்கை நேர் எதிரானது, கூடுதல் ஆபத்தானது: "இவ்வளவு தேய்ஞ்சிருக்குதே, போலியா இருக்க முடியாது." தேய்மானத்தையும் செய்யலாம். புதுப் போலியை மணலோடு உருளையில் போட்டு உருட்டினால் சீக்கிரமே முதுமை வந்துவிடும். ஆனால் கைபட்டுத் தேய்வது வேறு மாதிரி. கன்னம், காதுக்கு மேலுள்ள முடி, பெண்ணின் முழங்கால் என்று எது மேடோ அது முதலில் போகும். எழுத்துக்கு நடுவிலுள்ள பள்ளமும், உருவத்தை ஒட்டிய மூலையும் கூர்மையாகவே நிற்கும். மேடும் பள்ளமும் ஒரே அளவு மழுங்கி, சோப்பு கரைந்த மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். அச்சில் ஊற்றிய வார்ப்பும் அப்படித்தான் இருக்கும். பூதக்கண்ணாடியில் ஊசிமுனைக் குமிழிகளும், விளிம்பைச் சுற்றி அராவிய தடமும் தெரியும். ரோமானியர்கள் சம்மட்டியால் அடித்தார்கள். அடியில் வெள்ளி விரிந்த சிறு வெடிப்புகள் பல காசுகளின் விளிம்பில் உண்டு. இரண்டு காசுகளில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டில் ஒன்றாவது வார்ப்பு. ஒரே அச்சில் அடித்த காசுகள் உருவத்தில் ஒத்துப்போகலாம், பிறகு பட்ட காயத்தில் ஒத்துப்போகாது.

"மெஷின்ல வெச்சா தெரிஞ்சுரும்" என்கிறவர்களும் உண்டு. ஹால்மார்க் கடையில் உள்ள எக்ஸ்ரே மெஷின் நல்ல கருவிதான், ஆனால் காசின் தோலை மட்டுமே படிக்கிறது. மண்ணில் கிடந்த வெள்ளியின் மேற்பரப்பில் செம்பு கரைந்து போயிருக்கும். அதனால் உள்ளே இருப்பதைவிட மேலே சுத்தமாகக் காட்டும். செம்புக்கு வெள்ளித் தகடு போர்த்திய காசையும் நல்ல வெள்ளி என்றே சொல்லிவிடலாம். நேற்றைக்குச் சுத்த வெள்ளியில் அடித்த போலியைப் பற்றி அது என்ன சொல்லும்? காந்தத்தைச் சொல்லவே வேண்டாம். ஈயம், தகரம், செம்பு எதுவும்தான் காந்தத்தில் ஒட்டாது.

எடையும் நீரும் இதைவிட நேர்மையான சாட்சிகள். பெரியம்மாவின் காசை நகைக்கடைத் தராசில் வைத்தோம்: 3.41 கிராம். புதிதாக அடித்தபோது சுமார் 3.8 இருந்திருக்கும். குறைந்தது தேய்மானத்துக்குப் பொருந்துகிறது. பிறகு நூலில் கட்டி, தண்ணீரில் முழுக வைத்துப் பார்த்ததில் எடை 0.331 கிராம் குறைந்தது. வகுத்தால் 10.3. சுத்த வெள்ளி 10.5, செம்பு 8.9. உள்ளே செம்பு ஒளிந்திருந்தால் இந்த எண் வராது. மில்லிகிராம் காட்டும் தராசு இதற்கு அவசியம். இவ்வளவு சின்னக் காசில் 0.01 கிராம் பிசகினாலே விடை 10க்கும் 10.6க்கும் இடையே ஊசலாடும்.

இந்த எடையில்தான் ரோமானியக் காசின் மரியாதையே இருந்தது. பேரரசர் கிளாடியஸ் காலத்தில் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு ரோமானியனிடம் இருந்த தெனாரியஸ்களில் வெவ்வேறு அரசர் முகங்கள் இருந்தும் எடை ஒன்றாக இருந்ததைப் பார்த்து அந்நாட்டு மன்னன் வியந்தான் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கி.பி. 64இல் பேரரசர் நீரோ எடையையும் வெள்ளியையும் குறைத்தார். ஒரு ராத்தலில் 84 அடித்த இடத்தில் 96 அடிக்கச் சொன்னார். நம் பக்கத்துப் புதையல்களில் அதற்கு முந்திய காசே மிகுந்திருப்பதற்கு வணிகர்கள் பழைய நல்ல வெள்ளியைத் தேடியதே காரணம் என்று பலரும் கருதுகிறார்கள்.

தகடு போர்த்திய காசு என்றால் உடனே 'இந்தக் காலத்துப் போலி' என்று வீசிவிடாதீர்கள். ரோமானியர் காலத்திலேயே கள்ளக் காசு அடித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வேலையும் 2,000 ஆண்டுப் பழமைதான். தலையில் உளி வெட்டு இருந்தாலும் அப்படியே. புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே வெட்டு உண்டு. அது நம் மண்ணில் அந்தக் காசுக்கு நடந்த கதை.

தரையில் சுண்டி ஓசை கேட்கிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பழைய வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி உடையும் பதத்துக்கு வந்திருக்கலாம். மொண்ணையான ஓசை போலிக்கு அடையாளமும் இல்லை, காசு இரண்டாகப் பிளந்தால் ஒட்ட வழியும் இல்லை.

காசின் கறுப்பைத் தேய்த்து எடுப்பதும் இதே வகைக் கொடுமை. புளியும் விபூதியும் குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் சரி. காசின் மேல் படிந்த கறுப்பு அதன் வயதுக்கு ஒரு சாட்சி. அந்தப் பெரியம்மாவின் காசில் எழுத்துகளை அழித்தது பாதி ரோமானியக் கை என்றால், மீதி வெள்ளிக்கிழமை விபூதி. அவரிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குள் புதைந்து கிடைத்த காசு, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் அது. வெளிநாட்டுக்கு எடுத்துப் போவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

பெரியம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப இந்த அம்மா யாருங்க?"

பேர் பொறித்திருக்கவில்லை, சமாதான தேவதை என்பாரும் உண்டு, அந்த ராஜாவின் தாயார் லிவியா என்றுதான் நிறையப் பேர் சொல்கிறார்கள் என்றேன்.

"அம்மாதானுங்களா" என்றவர், காசை மஞ்சள் துணியில் வைத்து முடிந்தார். விபூதித் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, சிமிழின் மூடிமேல் ஒரு மல்லிகையை வைத்தார்.