தொழில் தொடங்கும் முன் ஒரு நோட்டுப் போடுங்க



"லோன் வந்துருச்சுங்க, என்ன தொழில் செய்யலாம்?" என்று சூலூர் வட்டாரக் குழுக்களில் பலர் கேட்கிறீர்கள். இந்தக் கேள்வி தலைகீழ். முதலில் தொழில், அடுத்து திட்டம், அப்புறம்தான் கடன்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். 60,000 ரூபாய் கடன் வாங்கி, மொத்தத்துக்கும் 3 தையல் மெஷின் வாங்கிப் போட்டோம். துணிப்பை தைத்தோம். ஒரு கடையில் கடனுக்கு எடுத்தார்கள். இரண்டு மாதம் பணம் வரவில்லை. துணி வாங்கக் காசில்லை, மெஷின் சும்மா நின்றது. தவணை மட்டும் நிற்கவில்லை. எங்க அக்கா ஒருத்தர் தோட்டை அடகு வைத்துக் கட்டினோம். தப்பு மெஷின் மேல் இல்லை, கணக்குப் போடாத எங்கள் மேல்தான். அதனால் இந்த ஆறையும் நோட்டில் எழுதுங்கள்.

1. யார் வாங்குவார்கள்? ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. பைக்குத் தேவை இருக்கிறது. ஆனால் நம்மிடம் வாங்குவார்களா? மளிகைக்கடை, துணிக்கடை, கல்யாண மண்டபம் என்று பத்து இடம் ஏறி இறங்குங்கள். என்ன அளவு, எத்தனை பை, என்ன விலை, ரொக்கமா கடனா என்று கேளுங்கள்.

2. சரக்கு எங்கே? சோமனூர் விசைத்தறிகள் பக்கத்திலேயே இருப்பது நமக்கு வசதி. காடாத் துணியை நாலு இடத்தில் விலை கேளுங்கள், தைத்துத் துவைத்துப் பாருங்கள். கோவை பாப்பநாயக்கன்புதூர் முருகானந்தம் 1998-ல் மலிவு விலை நாப்கின் செய்ய முதலில் பஞ்சைத்தான் வைத்தார், சரிவரவில்லை. தேவையானது மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்குச் சில வருஷம் பிடித்தது. அதன் பிறகுதான் மெஷின் செய்தார். 2016-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

3. கணக்கு. உதாரணத்துக்கு, ஒரு பைக்குத் துணி 9 ரூபாய், நூலும் அச்சும் 2, தையல் கூலி 4, வண்டிச் செலவும் கரண்டும் 1. அடக்கம் 16. விற்பது 20 என்றால் மிச்சம் 4. மாதம் அசல் 2,500, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் முதல் மாதம் 600, இடத்துக்கு வாடகை 1,500, ஆக 4,600. இதை நாலால் வகுத்தால் 1,150. மாதம் 1,150 பை விற்றால் கையைக் கடிக்காது. அதற்கு மேல் விற்பதுதான் லாபம். 25 நாள் வேலை என்றால் தினம் 46 பை. முடியுமா என்று இப்போதே பேசுங்கள்.

4. கைமுதல். 1,150 பைக்கு அடக்கம் 18,400 ரூபாய். இரண்டு மாதம் கடனுக்குக் கொடுத்தால் 36,800 ரூபாய் கடைக்காரர் கையில் நிற்கும். அதனால் கடன் முழுவதையும் மெஷினில் போடாதீர்கள்.

5. யாருக்கு என்ன வேலை? வெட்ட, தைக்க, விற்க, கணக்கு எழுத என்று ஆள் பெயரோடு தீர்மானம் போடுங்கள். "எல்லாரும் பார்த்துக்கலாம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

6. சின்னதாகத் தொடங்குங்கள். நம் குழுக்களே அப்படி வந்தவைதானே! 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி, சில மாவட்டங்களில் நடத்திப் பார்த்த பிறகுதான் 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. வீட்டில் இருக்கும் மெஷினில் 100 பை தைத்து விற்றுப் பாருங்கள். போனால் சிறு தொகை, வந்தால் அனுபவம்.

எங்க அக்காவின் தோடு எட்டு மாதம் கழித்துத்தான் காதுக்குத் திரும்பியது. உங்கள் குழுவில் யார் காதும் வெறுமையாக வேண்டாம். அடுத்த கூட்டத்தில் இதைச் சத்தமாகப் படித்து, ஆறுக்கும் பதில் எழுதி எடுத்து வாங்க. உட்கார்ந்து சேர்ந்தே கணக்குப் பார்ப்போம்.