சிப்புக்குப் பக்கத்தில் ஒரு 104

நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகிறது. எங்கள் திருவதிகைக்கு அது பக்கத்து ஊர். இருந்தும் முந்திரித் தோப்பில் போர் மோட்டார் போட்டால் வீட்டு பல்பு ஒரு கணம் மங்கும். மின் நிலையம் எவ்வளவு பக்கத்தில் இருந்தால் என்ன, இடையில் இருப்பது கம்பி. சர்க்யூட் போர்டிலும் இதே கதைதான்.

கணக்கைப் பாருங்கள். சிப் சட்டென்று 100 மில்லி ஆம்பியர் கேட்கிறது, அதுவும் ஒரு நானோ நொடிக்குள். மெல்லிய ட்ராக்குக்கு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நானோ ஹென்றி இண்டக்டன்ஸ். ரெகுலேட்டர் 20 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 3.3 வோல்ட் சிப்புக்கு மிஞ்சுவது 1.3!

அதனால் முதல் வேலை, ஒவ்வொரு சப்ளை காலுக்கும் தனியாக 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர். ரிச்சி தெருவில் '104' என்று கேட்டாலே கொடுப்பார்கள். 28 கால் அட்மெகா 328பி என்றால் 7, 8 கால்களுக்கு இடையே ஒன்று. 20, 22க்கு இடையே இன்னொன்று. காலோடு ஒட்டி வையுங்கள். ஒருமுறை விரல் நீளம் தள்ளி வைத்துவிட்டு, ரிலே தட்டும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆவதற்கு ப்ரோகிராமில் இரண்டு நாள் காரணம் தேடினேன். சப்ளை கால், கெப்பாசிட்டர், கிரவுண்ட் கால் என்று கரண்ட் சுற்றிவரும் வட்டம் சின்னதாக இருக்க வேண்டும். வயா போடுவதென்றால் பேடை ஒட்டியே போடுங்கள்.

104 சொம்பு மாதிரி. அதை நிரப்பக் குடம் வேண்டுமே? பக்கத்தில் 10 மைக்ரோ ஃபாரட், சப்ளை நுழையும் இடத்தில் 100 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக். பொடி சைஸ் 10 மைக்ரோ செராமிக்கை நம்பாதீர்கள். 5 வோல்ட் ஏறினால் பாதிக்கு மேல்கூட இழந்துவிடும். ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள்.

அடுத்து பவர் பிளேன். நான்கு அடுக்கு போர்டில் இரண்டாம் அடுக்கு முழுக்க கிரவுண்ட், மூன்றாவது சப்ளை. பிளேனே கெப்பாசிட்டர்தானே, 104 எதற்கு என்பார்கள். 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில்கூட சதுர சென்டிமீட்டருக்கு 40 பிகோ ஃபாரட்தான் தேறும். பிளேனின் உபயோகம் அதன் அகலம்; அகலமான பாதையில் இண்டக்டன்ஸ் குறைவு. இரண்டு அடுக்கு போர்டா? அடிப்பக்கம் முழுவதையும் கிரவுண்டுக்கு விடுங்கள், ட்ராக் போட்டு அதை அறுக்காதீர்கள்.

கடைசியாக ஆசிலோஸ்கோப். ப்ரோபின் நீள கிரவுண்ட் கிளிப்பைக் கழற்றிவிட்டுக் குட்டி ஸ்பிரிங்கை மாட்டுங்கள். இல்லாவிட்டால் கிளிப்பே இல்லாத அலையைக் காட்டும். 3.3 வோல்ட் சப்ளை 165 மில்லி வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் இறங்காமல் நின்றால் போர்டைப் பெட்டியில் போட்டு மூடலாம்.