சமையலறை அலமாரிக்கு ஒரு சி.பி.எம். சார்ட்



'நெட்வொர்க் அனாலிசிஸ்' என்றொரு பாடம் நம் எல்லோருக்கும் உண்டு. வட்டம் போடுவோம், அம்புக்குறி போடுவோம், கிரிட்டிகல் பாத்துக்கு இரட்டைக் கோடு இழுப்போம், மார்க் வாங்கியதும் மறந்துவிடுவோம். 1957-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி ரசாயன ஆலை வேலைகளுக்காக சி.பி.எம். முறையை உருவாக்கியது. மறு வருஷமே அந்நாட்டுக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 'பெர்ட்' முறையைக் கொண்டுவந்தது. ஆலைக்கும் ஏவுகணைக்கும் பிறந்த அந்தப் பாடத்தை நம் வீட்டு அடுப்படிக்குள் கொண்டுபோனால் என்ன? அதுதான் இக்கட்டுரை.

மேட்டுப்பாளையம் ரோட்டில் கவுண்டம்பாளையம், துடியலூர் தொடங்கி நம் பெரியநாயக்கன்பாளையம் வரை அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டே வருகின்றன. அவற்றில் பழைய ஃபிளாட்டுகளின் சமையலறையைப் போய்ப் பாருங்கள். அடுப்புக்கு மேலுள்ள கதவில் தாளிப்புப் பிசுக்கு ஏறி மஞ்சள் பூத்திருக்கும். சிங்க்குக்குக் கீழுள்ள கதவு தண்ணீர் குடித்து ஊதியிருக்கும். மற்ற கதவுகளோ கல்லுமாதிரி நன்றாகவே இருக்கும். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு மாடுலர் கிச்சன் வைக்க எல்லாராலும் முடியாது, அவசியமும் இல்லை. சுரண்டி, தேய்த்து, புதுப்பூச்சு கொடுத்தால் இன்னும் பல வருஷம் ஓடும். பெயிண்டரைக் கூப்பிட்டால் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "நாலே நாள்ல முடிச்சுப்போடலாமுங்க!"

நாலு நாள் போதுமா? கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

அடியில் இருப்பது என்ன?

கலரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் பலகை எதுவென்று தெரியவேண்டும். ஒரு கதவின் கீலைக் கழற்றி அந்தக் குழியை டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய ஏடுகள் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருந்தால் பிளைவுட். நடுவே கட்டை கட்டையாக மரத்துண்டுகள் தெரிந்தால் பிளாக் போர்டு. மரச்சில்லுகளைப் பசையில் அழுத்தியதுபோல் இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. நயமான பழுப்புத் தூளாக உதிர்ந்தால் எம்.டி.எஃப்.

பிளைவுட்டிலும் இரண்டு ஜாதி. ஐ.எஸ். 303 என்பது பொது உபயோகத்துக்கானது. ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட், தண்ணீரைத் தாங்கும். பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை ஊதினால் ஊதினதுதான். என்ன பட்டி பார்த்தாலும் பழைய கனத்துக்கு வராது, திருகாணியும் பிடிக்காது. அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துவிட்டு 710-ல் புதிதாகச் செய்து வைப்பதே சிக்கனம். ஒரு பெட்டி கெட்டதற்காகப் பத்துப் பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லும் ஆசாரியிடம் கொஞ்சம் உஷாராகவே இருங்கள்!

அடுத்தது மேல்பூச்சு. கண்ணில் படாத ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் அரக்கைக் கரைத்துப் போட்ட பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. தின்னருக்கு இளகினால் பெரும்பாலும் என்.சி. லாக்கர். இரண்டுக்கும் சட்டை செய்யாவிட்டால் மெலமைன் அல்லது பி.யூ. என்று எடுத்துக்கொள்ளலாம். சன்மைக்கா ஒட்டியதென்றால் அதன் மேல் சாதாரண பிரைமர் பிடிக்காது. 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பை எடுத்துவிட்டு, வழவழப்பான பரப்புக்கென்று தனியாக வரும் பிரைமரைத்தான் அடிக்கவேண்டும்.

பிடித்ததா இல்லையா என்பதற்கும் பரிசோதனை உண்டு. கதவின் உள்பக்கத்தில் ஒரு சாண் இடத்துக்கு மட்டும் எல்லாப் பூச்சும் கொடுத்து ஒரு வாரம் விடுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்கும் ஆறு ஆறு கோடு கீறி, டேப் ஒட்டிச் சுருக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்துவிட்டால் அந்த முறை சரியில்லை. ஐ.எஸ்.ஓ. 2409 என்ற தரநூல் சொல்லும் கிராஸ்கட் சோதனையின் வீட்டு வடிவம் இது. ஒரு சாண் இடம் வீணாவது பெரிதா, முழு அடுப்படியும் உரிவது பெரிதா?

பிசுக்கு என்னும் வில்லன்

இன்பிளான்ட் டிரெயினிங் போனவர்கள் பவுடர் கோட்டிங்குக்கு முன்னால் 'ஏழு தொட்டி' முறையைப் பார்த்திருப்பீர்கள். இரும்புத் தகடு எண்ணெய் போக, துரு போக, பாஸ்பேட் ஏற, நடுவே கழுவல் என்று ஏழு தொட்டியில் முங்கி எழுந்த பிறகுதான் பவுடரைக் காணும். மரத்துக்குத் தொட்டி கிடையாது, ஆனால் தத்துவம் அதேதான். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால் பிசுக்கு மரத்துக்குள்ளேயே போய் உட்காரும். ஆகவே முதலில் கழுவல், பிறகுதான் தேய்ப்பு. வாஷிங் சோடாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, துணியைப் பிழிந்து துடைத்தால் பிசுக்கு விடும். அதன்பின் வெறும் தண்ணீரில் இரண்டு முறை துடைக்கவேண்டும். சோடா மிச்சம் நின்றால் அதன் காரம் எனாமலிலுள்ள எண்ணெயோடு சேர்ந்து சோப்பாக மாறிப் பூச்சைக் கிளப்பிவிடும். கெமிஸ்ட்ரியில் படித்த சபோனிஃபிகேஷன் இங்கேதான் நம்மைப் பழிவாங்குகிறது!

பழைய எனாமல் பூசிய அலமாரி என்றால் இன்னொரு ஜாக்கிரதை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பர் 1 முதல் அமலாயிற்று. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்றே எண்ணி, உலர்ந்த நிலையில் தேய்க்காமல் வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேயுங்கள். புளோலேம்ப் வைத்து எரிக்கவே வேண்டாம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தரையை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கணக்கு

உதாரணத்துக்கு ஒரு சமையலறை. கீழே 70-க்கு 45 செ.மீ. கதவு 8, மேலே 60-க்கு 45 செ.மீ. கதவு 6, 45-க்கு 18 செ.மீ. டிராயர் முகப்பு 4. இரு பக்கமும் கணக்கிட்டால் கீழ்க்கதவுகள் 5.04 சதுர மீட்டர், மேல்கதவுகள் 3.24, முகப்புகள் ஒரு பக்கம் மட்டும் 0.32, சட்டங்களுக்கு 2. ஆக 10.6, விளிம்புகளையும் சேர்த்து 11 சதுர மீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று எடுத்தால் இரண்டு கோட்டிங்குக்கு 2.2 லிட்டர். சேதாரம் சேர்த்து இரண்டரை லிட்டர் எனாமல், ஒன்றேகால் லிட்டர் பிரைமர். எல்லா டின்னிலும் பேட்ச் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். பெயிண்டர் சதுரடிக் கூலி சொன்னால், "ஒரு பக்கமுங்களா, ரெண்டு பக்கமுங்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடவேண்டும். பாதிச் சண்டை இந்த இடத்தில்தான் வருகிறது.

இனி சார்ட்

சாமான்களை இறக்கிக் கதவுகளைக் கழற்ற 1 நாள். கழுவிக் காயவைக்க 1. பட்டி பார்த்துத் தேய்க்க 2. பிரைமர், பக்கத்துக்கு ஒரு நாளாக 2. முதல் கோட்டிங் 2, இரண்டாம் கோட்டிங் 2. இறுகுவதற்கு 7. மாட்டுவதற்கு 1. மொத்தம் 18 நாள். பெயிண்டர் சொன்ன நாலு எங்கே, இந்தப் பதினெட்டு எங்கே!

"இன்னும் ரெண்டு ஆளைப் போட்டா சீக்கிரம் முடியாதா?" என்பீர்கள். 'கிராஷிங்' என்று படித்தோமே, பணத்தைக் கூட்டி நாளைக் குறைப்பது, அது தேய்ப்புக்குச் செல்லும், காய்ச்சலுக்குச் செல்லாது. சிந்தெடிக் எனாமல் வெறுமனே தின்னர் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கெட்டிப்படுகிறது. அந்த வேலைக்குக் கூலியாள் ஆக்சிஜன்தான், அவனுக்கு ஓவர்டைம் கிடையாது! ஈரம் அடங்குமுன் அடுத்த கோட்டிங் ஏற்றினால் மேலே தோல் கட்டி, அடியில் குழகுழவென்றே நிற்கும். கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், நகம் பட்டால் பள்ளம் விழும். நாலு நாள் வேலையின் லட்சணம் இதுதான். தண்ணீரில் கலந்து அடிக்கும் எனாமல் வாங்கினால் வாசனை குறைவு, கோட்டிங்குகளுக்கு நடுவே இரண்டு மூன்று நாள் மிச்சமாகும். இறுகும் காலம் அதற்கும் வேண்டியதுதான்.

சரி, பதினெட்டு நாளும் வீட்டில் சமையல் கிடையாதா? இங்கேதான் சார்ட் நமக்கு உதவுகிறது. கதவுகளின் பாதை வேறு, சுவரோடு நிற்கும் சட்டங்களின் பாதை வேறு. சட்டங்களுக்குக் காலி செய்தல் 1, கழுவல் 1, தேய்ப்பு 1, பிரைமர் 1, கோட்டிங் 2, காற்றாட விடுதல் 2. எட்டே நாள். அந்தப் பாதைக்கு ஒன்பது நாள் ஃபுளோட் இருக்கிறது. ஆகவே ஒன்பதாம் நாள் அடுப்பு பற்றவைக்கலாம், கதவில்லாத அலமாரியில் பாத்திரம் தெரியும், அவ்வளவுதான்.

அந்த எட்டு நாள் யாருடையது? வீட்டில் சமைப்பவருடையது. அம்மாவைக் கேட்காமல் நாம் போடும் சார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும், "எட்டு நாளைக்கு நான் எங்கடா ஒலை வெக்கிறது?" என்ற ஒரு கேள்வியில் கிழிந்துபோகும். ஹாலில் எந்தப் பிளக்கில் இண்டக்ஷன் அடுப்பு, தண்ணீர் எங்கிருந்து, பாத்திரம் எங்கே கழுவுவது, பருப்பும் மசாலாவும் எந்தப் பெட்டியில், தாத்தாவின் காலை ஆறு மணிக் காப்பிக்கு என்ன வழி? இவையும் சார்ட்டில் வட்டங்களாக ஏறவேண்டும். முதல் வட்டங்களாகவே ஏறவேண்டும் என்பது என் கட்சி. வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால் அந்த எட்டு நாள் அவரை உறவினர் வீட்டுக்கு அனுப்புவதும் ஓர் 'ஆக்டிவிட்டி'தான்.

சுவருக்கு அந்தப் பக்கமும் வீடுதான்

தனி வீட்டில் கதவுகளை வாசலில் சாய்த்து வைத்து வேலை செய்யலாம். அடுக்குமாடியில் வராண்டாவும் மாடிப்படியும் பொது இடம். 1994-ஆம் வருஷத்து அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2022-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. பொது இடம் எல்லோருக்கும் பொது என்பதில் மட்டும் மாற்றமில்லை. சங்கத்துக்கு ஒரு கடிதம், தேய்ப்புச் சத்தம் கேட்கும் நேரம், லிஃப்ட் உபயோகிக்கும் நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் பல கட்டிடங்களில் பொதுவான டக்ட்டுக்குள்தான் ஊதுகிறது. நம் தின்னர் வாடை மேல்மாடிக் குழந்தையின் தொட்டிலுக்குப் போகும்.

அதைவிடப் பெரிய விஷயம் நெருப்பு. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். என்.சி. தின்னர் சாதாரண அறைச் சூட்டிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். சாமி விளக்கு, ஃபிரிட்ஜ் ரிலேயின் பொறி, சாதாரண எக்ஸாஸ்ட் மோட்டார், எது வேண்டுமானாலும் போதும். ஆகையால் ஸ்பிரே வேலை ஃபிளாட்டுக்குள் வேண்டவே வேண்டாம். கதவுகளைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள், வீட்டுக்குள் சட்டங்களுக்கு மட்டும் பிரஷ். சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். லின்சீடு எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறிப் பற்றும், தண்ணீர் வாளியில் போடுங்கள். மிச்சத் தின்னரை சிங்க்கில் ஊற்றக்கூடாது.

எந்த மாதம்?

எல்லாரும் கேட்பது தீபாவளிக்கு முன்னால். கோயமுத்தூருக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான், பெயிண்டரும் அப்போது கிடைக்கமாட்டார். ஈரக்காற்றில் பிரெஞ்சு பாலிஷும் என்.சி. லாக்கரும் வெள்ளை பூத்துவிடும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிவதே காரணம். எனாமல் காயவும் கூடுதல் நாளாகும். ஆடியோ, அம்மியையே பறக்கவிடும் மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று அத்தனை தூசியையும் ஈரப் பெயிண்டில் ஒட்டவைக்கும். பொங்கல் கழிந்து மாசி, பங்குனியில் வைத்துக்கொண்டால் வானமும் பெயிண்டரும் நமக்கு அனுகூலம்.

கழற்றும்போது ஒரு யுக்தி. கதவின் முகத்தில் பென்சிலால் எழுதிய நம்பர் முதல் தேய்ப்பிலேயே போய்விடும். 35 மி.மீ. கீல் குழிக்குள் நம்பர் எழுதி அதன்மேல் டேப் ஒட்டுங்கள், அங்கே பெயிண்ட் போகாது. சட்டத்திலும் அதே நம்பர். திருகாணிகளைக் கதவு வாரியாகக் கவரில் போட்டு வையுங்கள். பதினெட்டாம் நாள் மாட்டும்போது சட்டத்தில் படும் மூலைகளில் சிறு ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். முதல் மாதம் வரை ஈரத்துணி மட்டும் போதும், சோப்புத்தூள் வேண்டாம். மிஞ்சிய எனாமலைச் சின்ன பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, கலர் நம்பரும் தேதியும் எழுதி, சமையலறையில் வைக்காமல் வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.